கோல்ஃப் கிளப்பின் பின்வாசல் சாம்பியன்கள்

சிங்கவரம் ரங்கநாதரைப் பார்த்துவிட்டுப் படி இறங்கி, அடிவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா திடீர்னு கேட்டார்: "ஏன்டா, நம்ம நாட்டுல கோல்ஃப்ல பெரிய ஆளுங்க யாரு? அதுல பை தூக்குனவன் எவனாவது இருக்கானா? தேடிச் சொல்லு."

செஞ்சியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மல்லாட்டை வியாபாரம் பண்ற மனுஷனுக்கு ஏன் இந்தக் கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கு. இளவயதில் வேலை தேடிச் சென்னைக்குப் போனவர், அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆறு வருஷம் கேடியாக இருந்தார். கேடி என்றால் ஆட வருகிறவரின் பையைத் தோளில் சுமந்து, பந்து எங்கே போய் விழுந்தது என்று கண் வைத்து, அடுத்த அடிக்கு எந்தக் கோல் சரி என்று எடுத்துக் கொடுப்பவர்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் தேட ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு கிளப்பை எடுத்துக்கொண்டு, அதோடு சம்பந்தப்பட்ட பெரிய ஆட்டக்காரர்கள் யார் யார் என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டது கல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்.

ஏன் அது? 1829-ல் டம்டமில் ஆரம்பித்த கிளப். பிரிட்டனுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கிளப்புகளில் இதுதான் மிகப் பழையது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 'ராயல்' பட்டம் கொடுத்தார். இப்போது இருப்பது டாலிகஞ்ச் பக்கம். இவ்வளவு பழைய இடத்தில் பட்டியலும் நீளமாக இருக்கும் அல்லவா?

பட்டியலுக்கு முன்னால், ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஓர் இடத்தில் இருந்து பந்தை அடிக்கத் தொடங்கி, குழிக்குள் விழுகிற வரை அடிக்க வேண்டும். மொத்தம் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். பெரிய போட்டி என்றால் நாலு நாள், நாளுக்கு 18 குழி, அதாவது 72 குழிகள். தூரமாக அடிப்பது பார்க்க அழகு. ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழிக்குப் பக்கத்தில் நடப்பதுதான். பந்தைத் தூக்கிப் போடுகிற சின்ன அடிக்குச் சிப், புல்தரையில் உருட்டி விடுவதற்குப் பட் என்று பெயர். இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியன் ஓபன் என்ற தேசியப் போட்டி 1964-ல் தொடங்கியது. முதல் வருஷம் ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். அடுத்த வருஷமே, 1965-ல், ராயல் கல்கத்தா மைதானத்தில் பில்லு சேத்தி என்ற இந்தியர் வென்றார். அவர் அமெச்சூர், அதாவது பரிசுப் பணம் வாங்காமல் விருப்பத்துக்காக ஆடுகிறவர். அதன்பிறகு 1990 வரைக்கும் ஓர் இந்தியர்கூட ஜெயிக்கவில்லை. ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெளியூர்க்காரர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

1991-ல் அது உடைந்தது. உடைத்தவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்து ஆட்டக்காரர் ஆனவர். இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். சும்மா ஒரு தடவை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, 1993-ல் மறுபடியும் ஜெயித்தார்.

இனி கல்கத்தாவுக்கே திரும்புவோம். அந்தக் கிளப்பின் பேரைச் சொன்னதும் இன்று ஞாபகத்துக்கு வருகிறவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் அர்ஜுன் அட்வால். 1973-ல் பிறந்தவர். வசதியான தொழில் குடும்பம். பதினாலு வயது வாக்கில் ராயல் கல்கத்தாவிலும் டாலிகஞ்ச் கிளப்பிலும் ஆடக் கற்றுக்கொண்டார். 2002-ல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்றபோது, ஐரோப்பிய டூர் போட்டி ஒன்றை ஜெயித்த முதல் இந்தியர் ஆனார். 2010-ல் அமெரிக்காவில் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியரும் ஆனார். அந்தப் போட்டிக்குள் நேரடி இடம் கிடைக்காமல், திங்கட்கிழமை நடக்கிற தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து ஜெயித்தார் என்பது கூடுதல் பெருமை.

இன்னொருவர் சிவ் சங்கர் பிரசாத் சௌராசியா. எஸ்.எஸ்.பி. சௌராசியா என்றால்தான் தெரியும். 1978-ல் பிறந்தவர். அப்பா அதே ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். பையன் யாரிடமும் காசு கொடுத்துப் பாடம் கேட்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். 1997-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

இரண்டு வருஷம் கழித்து, 1999 இந்தியன் ஓபன் அதே ராயல் கல்கத்தாவில் நடந்தது. ஜெயித்தவர் அட்வால். இரண்டாம் இடத்தில் நின்றவர்களில் ஒருவர் சௌராசியா. ஒரே புல்தரை. ஒருவர் அதில் ஆட வந்தவர், இன்னொருவர் அதை வெட்டியவரின் மகன்.

சௌராசியாவின் கதை அங்கே நிற்கவில்லை. 2008 பிப்ரவரியில் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் நடந்தது. இந்தியாவில் நடந்த முதல் ஐரோப்பிய டூர் போட்டி அது. மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். வென்றவர் சௌராசியா. பிறகு 2011-ல் அவந்தா மாஸ்டர்ஸ். இந்தியன் ஓபனில் இரண்டாம் இடம் வாங்கி வாங்கிச் சலித்தவர், 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து அதையும் வென்றார்.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'சிப்புட்சியா'. சிப், பட், சௌராசியா மூன்றையும் சேர்த்து வைத்த பெயர். தூரமாக அடிக்கிறவர் இல்லை, ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆள் விட மாட்டார்.

இது தற்செயலா? சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "டேய், கேடிக்கு முழு செட்டு யாரு தருவா? எங்களுக்கு உடைஞ்ச கோல் ஒண்ணு கிடைக்கும். அதை வச்சு கொட்டகைக்குப் பின்னால பத்தடி தூரத்துல உருட்டிக்கிட்டே இருப்போம். தூரமா அடிச்சா பந்து தொலைஞ்சிடும், பந்துக்கு எங்க போறது?"

யோசித்துப் பார்த்தால் இதில் அர்த்தம் இருக்கு. பையில் 14 கோல் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அத்தனையும் வாங்கக் காசு இல்லாதவன் ஒரே கோலால் பத்து விதமாக அடிக்கப் பழகுகிறான். மைதானத்துக்குள் ஆட உரிமை இல்லாதவன் ஓரத்தில் சின்ன அடிகளை மட்டும் பழகுகிறான். அதோடு, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலை ஈரத்தில் பந்து எவ்வளவு மெதுவாக ஓடும், மேடு எங்கே என்பதெல்லாம் தினமும் நடந்து நடந்து காலுக்கே தெரிந்துவிடுகிறது. நூறு பேர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு பள்ளிக்கூடம்தான்.

சௌராசியாவும் அலி ஷேரும் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபனை வென்றார். அமெரிக்காவில் 1913-லேயே, ஃபிரான்சிஸ் விமெட் என்ற இருபது வயதுப் பையன், தான் கேடியாக இருந்த அதே புரூக்லைன் கிளப் மைதானத்தில் அமெரிக்க ஓபனை வென்றான். அவன் வீடு அந்தக் கிளப்புக்கு எதிர்த்தெருவில் இருந்தது.

ஆனால் ஜெயித்துவிட்டால் வாசல் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா செவ்கோலும் என்றொரு இந்திய வம்சாவளிக்காரர் இருந்தார். அவரும் கேடிதான். வழக்கமான பிடிக்கு நேர்மாறாக, இடது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார். 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓபன் வென்றவர். 1963-ல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனையும் வென்றார். நிறவெறிக் காலம். வெள்ளையர் மட்டும் நுழையும் கிளப் கட்டடத்துக்குள் போக முடியாமல், வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-ல் கேரி பிளேயரையே தோற்கடித்து மறுபடியும் அதை வென்றார். அதன்பிறகு வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவரை ஆட விடவில்லை. 1978-ல் வறுமையில் இறந்தார்.

நம்மூரில் அப்படிச் சட்டம் கிடையாது. இங்கே வாசலைக் காப்பது உறுப்பினர் கட்டணமும் காத்திருப்போர் பட்டியலும். அதனால்தான் ஒரு கிளப்பின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், இனி நான் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: இவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்? ராயல் கல்கத்தாவுக்கு இரண்டு பதில் இருக்கு. இரண்டுமே அந்தக் கிளப்பின் பெருமைதான். ஒன்றை மட்டும் சொன்னால் கணக்கு பாதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சௌராசியாவின் அப்பா புல் வெட்டுகிறவர் என்றதும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். போனில் அவர் பட் செய்கிற வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தலை அசையலை பார்த்தியா" என்றார். "நானும் அப்படித்தான் உருட்டுவேன். ஒரு நாள் நான் பை தூக்குற அய்யா ஒருத்தர் பார்த்துட்டு, நீ நல்லா ஆடுறியேன்னு சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பையைத் தூக்குன்னார்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மல்லாட்டை மூட்டையைத் தைக்கப் போய்விட்டார்.