கரையோரப் புறநகர்கள்: முன்னால் சாமி, பின்னால் சாகுபடி

போன வாரம் ரிச்மண்டின் ஸ்டீவ்ஸ்டன் துறையில் நின்றோம்: சால்மன் டப்பா ஆலைகள், 1942-ல் கடற்கரையை விட்டே அப்புறப்படுத்தப்பட்ட ஜப்பானிய மீனவர்கள். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் விமான நிலையம் என்று சொல்லியிருந்தேன். சொல்கிறேன், ஐந்தாம் எண் சாலை என்னை விட்டால்.

கனடாவின் ரிச்மண்ட், வான்கூவருக்குத் தெற்கே ஃபிரேசர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் இருக்கும் நகராட்சி. கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒரு மீட்டர்தான் உயரம். சுற்றிலும் 49 கிலோமீட்டர் கரை கட்டித் தண்ணீரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,09,937. பாதிக்கு மேல் சீன வம்சாவளியினர். பத்தில் ஆறு பேர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள்.

இவர்கள் சாமி கும்பிடப் போகும் இடம்தான் ஐந்தாம் எண் சாலை. மூன்று கிலோமீட்டருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வழிபாட்டுத் தலங்கள். குருத்வாரா, மசூதி, சீன பௌத்தக் கோயில், திபெத்திய மடாலயம், தேவாலயங்கள் என்று போகிற வரிசையில் நம் சுப்ரமணிய சுவாமிக்கும் ஒரு கோயில். ஊர்க்காரர்கள் 'சொர்க்கத்துக்குப் போகும் நெடுஞ்சாலை' என்கிறார்கள். மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகப் படம் பிடித்தும் போடுகிறார்கள். நல்லிணக்கம் இருக்கட்டும். இத்தனை சாமிகளையும் ஒரே தெருவுக்குக் கூட்டி வந்தது நில விலை என்பது என் கட்சி.

1973-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் விளைநிலத்தை மனை போடக் கூடாது என்று சட்டம் போட்டுப் பூட்டியது. ரிச்மண்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நிலம் அந்தப் பூட்டுக்குள். மிச்சமிருக்கும் மனைகளின் விலையோ உண்டியல் காசுக்கு எட்டாது. 1990-ல் நகராட்சி ஒரு வழி செய்தது. ஐந்தாம் எண் சாலைக்கும் அதன் கிழக்கே ஓடும் 99-ஆம் நெடுஞ்சாலைக்கும் நடுவே உள்ள பட்டை நிலத்தில் கோயில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டடம், பார்க்கிங் எல்லாம் சாலையை ஒட்டிய 110 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள நிலத்தில் விவசாயம் செய்தாக வேண்டும்!

இந்த நிபந்தனைதான் என் வாரத்தைத் தின்றது. அன்னதானம், திருவிழா, நன்கொடை ரசீது என்று பேசிப் பழகிய நிர்வாகக் குழு, வடிகாலையும் களையையும் அஜெண்டாவில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பௌத்தத் துறவிகள் காய்கறி பயிரிடுகிறார்கள், பழமரம் வைக்கிறார்கள். எல்லாரும் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றும் இல்லை. சிலர் பின்கட்டைத் தரிசாகப் போட்டுவைத்ததும் உண்டு. நம்மூரில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பாக்கிக்கு அலைகிறோம். இங்கே நிலத்தை உழச் சம்மதித்தால்தான் கோயிலே.

விவசாயம் என்றதும் கிரான்பெரி வந்து நிற்கிறது. கிழக்கு ரிச்மண்டின் கரிச்சதுப்பு மண்ணில் விளையும் புளிப்புப் பழம். அக்டோபரில் வயலுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, செடிகளுக்கு நடுவே சுழலும் உருளை வண்டியை ஓட்டுகிறார்கள். 'முட்டை அடிக்கும் கருவி' என்று அதற்குப் பட்டப்பெயர். பழத்தை நறுக்கினால் உள்ளே நான்கு காற்றறைகள். அதனால் அடிபட்டு உதிர்ந்த பழமெல்லாம் மேலே மிதந்து, வயலே குங்குமக் குளமாகிவிடும். மிதவைக் கயிற்றால் வளைத்து ஒரு மூலைக்கு ஒதுக்கி, லாரியில் ஏற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் சாற்றுக்கும் சாஸுக்கும் போகிறது.

விமான நிலையத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அது ரிச்மண்டின் இன்னொரு தீவான சீ ஐலண்டில் இருக்கிறது. பெயர் மட்டும் வான்கூவருக்கு. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே, இரண்டாம் உலகப்போரின்போது போயிங் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பர்க்வில் குடியிருப்பு இன்னும் இருக்கிறது. அங்கே தெருக்களுக்கு வைத்திருப்பது விமானங்களின் பெயர்: லங்காஸ்டர், வெலிங்டன், ஸ்டர்லிங். அடுத்த வாரம் அந்தத் தெருக்கள் வழியாக நுழைவோம்.

(தொடரும்)