எந்திரத்தின் நாடி

பழைய மோட்டார் வண்டியில் ஓட்டுநரின் கண்முன் அமைந்த கருவிகளுள், விரைவைக் காட்டும் கருவியையே பலரும் நோக்குவர். அதன் அருகே எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு மானி அடக்கமாக நிற்கும். சில வண்டிகளில் மானிக்கு மாற்றாக ஒரு செவ்விளக்கே உண்டு. விரைவுமானி பழுதுபட்டால் எந்திரத்துக்கு ஊறொன்றும் நேராது. அழுத்தமானியின் முள் வீழ்ந்ததைக் கவனியாது விட்டாலோ, சில நிமிடங்களில் எந்திரமே பாழாகிவிடலாம்.

இதன் காரணத்தை அம்பாசடர் வண்டியைக்கொண்டு விளக்கலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட வண்டி இது. நெடுங்காலம் இதில் பொருத்தப்பட்ட 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எந்திரத்தில், கிராங்க் தண்டு மூன்று பேரிங்குகளில் தங்கிச் சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள வெளி, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் அவற்றுள் சில கூறே. அச்சிறு வெளியில் எண்ணெய் படலமாய்ப் பரவி நிற்பதால், உலோகம் உலோகத்தைத் தீண்டுவதில்லை. படலம் அற்றுப்போனால் உராய்வினால் வெப்பம் மிகும், பேரிங்கின் மென்மையான உலோகப் பூச்சு உருகும், தண்டும் சிதைவுறும்.

எண்ணெயை அடித்தொட்டியிலிருந்து உறிஞ்சித் தள்ளுவது பம்பு. ஆயினும் அழுத்தம் பம்பினால் மட்டும் உண்டாவதன்று. எண்ணெய் வெளியேறும் வழிகள் குறுகியிருத்தலும் அதற்குக் காரணம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் சீறிப் பாய்வதும், விரலை எடுத்தால் தளர்ந்து வீழ்வதும் யாவரும் கண்டவையே. பேரிங் தேய்ந்து வெளி அகன்றால், விரல் எடுத்த குழாயின் நிலையே எந்திரத்துக்கும் உண்டாகும். எண்ணெய் நீர்த்துப்போனாலும், அளவிற் குறைந்தாலும், பம்பு தேய்ந்தாலும் அழுத்தம் தணியும். ஆகவே, முள் தாழ்ந்தது என்ற ஒன்றைக்கொண்டே இன்ன உறுப்பு பழுது எனத் துணிதல் இயலாது. நாடி தளர்ந்ததை அறிந்த மருத்துவர், நோய் எங்குள்ளது என மேலும் தேடுவது போன்றதே இதுவும்.

முள் எப்போது தாழ்ந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். குளிர்ந்த எண்ணெய் தடித்தும், சூடேறிய எண்ணெய் இளகியும் இருப்பது இயல்பு. நெடுவழி ஓடிய வண்டி சந்தியில் நிற்க, எந்திரம் மெல்லச் சுழலும்போது முள் ஓரளவு இறங்குவது நோயன்று. நிமிடத்துக்கு 1,000 சுழற்சி வீதம், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 இராத்தல் அழுத்தம் வேண்டும் என்பது பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்போர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. வண்டியின் கைந்நூலில் உள்ள அளவே முடிவானது. வண்டி விரைந்து ஓடுகையிலேயே முள் வீழ்ந்தால், எந்திரத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வீடு சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெருஞ்செலவை விளைக்கும் எண்ணம்.

எந்திரம் நின்று சிறிது நேரம் கழிந்தபின், அளவுக் கம்பியை உருவிப் பார்த்தல் முதற் சோதனை. எண்ணெய் குறைந்திருப்பின் காரணம் வெளிப்படை. வியப்பு யாதெனில், எண்ணெயின் மட்டம் உயர்ந்திருத்தலும் கேட்டின் அறிகுறியாகலாம். எந்திரத்தால் இயக்கப்படும் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் கசிந்து எண்ணெயோடு கலக்கும். மட்டம் ஏறும், எண்ணெயோ நீர்க்கும். கம்பியை முகர்ந்தாலே உண்மை புலப்படும்.

அடுத்து ஐயுறத்தக்கது அழுத்தமானியே. பிரான்சு நாட்டைச் சேர்ந்த பூர்தோன் என்பவர் 1849இல் உருவாக்கிய வளைகுழாயே மானிகள் பலவற்றின் உள்ளுறுப்பு. அழுத்தம் ஏற ஏற வளைந்த குழாய் நிமிர முயலும். அவ்வசைவு முள்ளைத் திருப்பும். எந்திரத்திலிருந்து மானிக்கு வரும் மெல்லிய குழாய் நசுங்கினாலும் அடைபட்டாலும், நலமான எந்திரமும் நோயுற்றதாய்த் தோன்றும். மின்சார மானியாயின் கம்பியின் இணைப்புப் பழுதுபட்டுப் பொய்யான அளவு காட்டுதலும் உண்டு. ஆதலின், பிழையற்றது எனத் தெரிந்த வேறொரு மானியை எந்திரத்திலேயே பொருத்தி ஒப்பிடுவர். சிறு வேலைதான், இதைச் செய்யாமல் எந்திரத்தைப் பிரிப்பது பேதைமை.

மானி மெய்யே உரைக்கிறது எனத் தெரிந்தபின், தணிப்பு வால்வை நோக்குவர். மிகையான அழுத்தத்தை வெளிவிடுவதற்கென அமைந்த இவ்வால்வின் சுருள்வில் தளர்ந்தாலும், வால்வு படியும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலும், எண்ணெய் வீணே தொட்டிக்குத் திரும்பிவிடும். கழற்றித் துடைத்தலே சிலபோது போதிய மருந்தாகும். அதுவும் பயன்படாதாயின் தொட்டியை இறக்கி, உறிஞ்சு குழாயின் வலையில் கசடு அடைந்துள்ளதா, பம்பு தேய்ந்துள்ளதா எனக் காண்பர். எஞ்சுவது பேரிங். குளிரில் உயர்ந்தும் சூட்டில் மிகத் தாழ்ந்தும் நிற்கும் முள்ளும், மேட்டில் ஏறும்போது எந்திரத்தின் அடியில் எழும் கனத்த தட்டொலியும் அதன் தேய்வைக் காட்டுவன.

தடித்த எண்ணெயை ஊற்றி முள்ளை உயர்த்திவிடுதல் சிலர் கையாளும் குறுக்குவழி. முள் உயரும்; அகன்ற வெளி அகன்றபடியே இருக்கும். வண்டியை விற்கும் வேளையில் இவ்வாறு செய்தல் வெறும் ஏமாற்று. பழைய வண்டியை வாங்குவோர், எந்திரம் நன்கு சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தபின் முள்ளை நோக்குவது இதனாலேயே.

புதிய பேரிங்குகளை இட்டபின்பும், கைதேர்ந்த தொழிலாளர் எந்திரத்தை உடனே ஓடவிடுவதில்லை. பிளக்குகளைக் கழற்றிவைத்து, ஸ்டார்ட்டரால் தண்டைச் சுழற்றுவர். வறண்டு கிடந்த வழிகளிலெல்லாம் எண்ணெய் நிறைந்து, மானியின் முள் எழுந்ததைக் கண்ட பின்னரே பிளக்குகளைத் திரும்பப் பூட்டுவர்.