வாய்க்காலின் இரு கரைகள்



பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. பயணம் என்றதும் தொலைதூர நாடுகளையே நாம் எண்ணுகிறோம். அருகிலுள்ள ஊரை உற்றார் சிலருடன் நடந்து பார்ப்பதும் பயணமே.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அதனை அமைத்ததாக அவனது கல்வெட்டு கூறுகிறது. அங்கிருந்து தென்கிழக்கே கடற்கரையை அடைந்தால், செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு எழுந்த புதுச்சேரியைக் காணலாம்.

கோடு கிழித்த வாய்க்கால்

1693-ல் டச்சுக்காரர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1699-ல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இன்று நாம் காணும் நேர்நேரான வீதிகளின் அமைப்பை அவ்விடைக்காலத்தில் வகுத்தவர்கள் டச்சுக்காரர்களே. நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுவது பெரிய வாய்க்கால். தோணி செல்லும் கால்வாயை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். இது மழைநீர் வடியும் வாய்க்கால்தான். ஆயினும், கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என மக்களைப் பிரித்த எல்லையாக இதுவே இருந்தது.

கிழக்குக் கரையில் உயர்ந்த மதில்களும் மூடிய வாயில்களும் உள்ளன. மேற்கே சென்றால் தெருவை நோக்கிய திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் காணலாம். வழிப்போக்கர் அமர்ந்து களைப்பாற இடம் தந்தவை அவை. ரங்கப்பிள்ளை வீதியிலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைக் காணத் தவறாதீர்கள்.

அடைக்கலம் தந்த ஊர்

1740-ல் மராட்டியருடன் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் குடும்பத்தாரும் மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே மிரட்டினார். கவர்னர் துமா இணங்கவில்லை. அதில் அரசியல் கணக்கும் இல்லாமலில்லை. எனினும், ஆதரவற்று வந்த பெண்களும் குழந்தைகளும் காப்பாற்றப்பட்டனர். நிறத்தால் மக்களைப் பிரித்த ஊரே அடைக்கலமும் தந்தது. இவ்விரண்டையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்வதே நேர்மையான வரலாறு.

நம்மவர் வீதிகள்

வாய்க்காலுக்கு மேற்கே, நகரின் தென்பகுதியில் முல்லா வீதியும் காஜியார் வீதியும் உள்ளன. குத்பா பள்ளிவாசலும் மீரான் பள்ளிவாசலும் இப்பகுதியைச் சேர்ந்தவையே. பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. பேணாத கட்டடம் நிலைக்காது. கடற்கரையிலிருந்த நகராட்சி மாளிகை 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. அரசு ஒரு மாளிகையை மீண்டும் எழுப்பலாம். நம் முன்னோரின் வீட்டையும், பெட்டியில் கிடக்கும் பத்திரங்களையும், பெரியோர் நினைவிலுள்ள செய்திகளையும் நாமல்லவா பேண வேண்டும்?

நடப்பதற்கு முன்

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். பயணக் கூட்டத்தில் அவர்களே பின்தங்கி வந்து பலவீனருக்கு உதவுவார்கள். எனவே, சுபுஹு தொழுகை முடிந்ததும் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். வீட்டுப் பெண்களையும் முதியோரையும் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் நடையே அனைவரின் நடையாக இருக்கட்டும்.

வாய்க்கால் பாலத்தின்மீது சற்று நில்லுங்கள். வெள்ளையரை விடக் கறுப்பரோ, கறுப்பரை விட வெள்ளையரோ இறையச்சத்தாலன்றி மேலானவர் அல்லர் என்று இறுதி ஹஜ்ஜில் அறிவிக்கப்பட்ட போதனையை அங்கே பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். பிறர் வெட்டிய வாய்க்காலைக் குறை கூறுவது எளிது. குடும்பப் பெருமை பேசியும், நிறம் பார்த்துப் பெண் தேடியும், விருந்தில் ஏழை உறவினரைக் கடைசியில் அமர்த்தியும் நம் இல்லங்களில் நாம் வெட்டிய வாய்க்கால்கள் எத்தனை? அவற்றைத் தூர்க்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.