கடன் கொடுத்தவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த கதை

இலங்கைக் கடன் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம பக்கம் ரெண்டே பெயர்தான் அடிபடும்: சீனா, ராஜபக்ச. 2022 மே மாசம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கப்பல் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் கடன் கொடுத்த நாடுகள் தங்களுக்குள் நடத்திய பேச்சுவார்த்தை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அதுதான் சுவாரஸ்யமான பகுதி.

முதலில் தேதிகள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. செப்டம்பர் 1 அன்று, சுமார் 290 கோடி டாலர் தர ஐ.எம்.எஃப். அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு ஆனது. ஆனால் ஐ.எம்.எஃப். நிர்வாகக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது 2023 மார்ச் 20 அன்றுதான். நடுவில் ஆறரை மாசம். அந்த செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த நிலைமையில் ஒரு நாட்டை எது காக்க வைத்தது?

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் என்று வச்சுக்குங்க. பேங்க் லோன், சீட்டுப் பணம், தண்டல், மச்சானிடம் கைமாத்து, எல்லாம் இருக்கு. கடை படுத்துவிட்டது. எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கடை பிழைக்கும், பணமும் மெதுவாக வரும். ஆனால் மச்சான் என்ன நினைப்பார்? “நான் வட்டியை விட்டுக்கொடுத்தா, அந்தக் காசு நேரா தண்டல்காரர் கைக்குத்தானே போகும்?” தண்டல்காரரும் இதையேதான் நினைப்பார். கடைக்காரர் மேல் கோபம் இருக்கிறதோ இல்லையோ, ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு சந்தேகம் நிச்சயம்.

இந்த சந்தேகத்துக்கு மருந்தாகத்தான் ‘கம்பாரபிலிட்டி ஆஃப் ட்ரீட்மென்ட்’ என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்த யாருக்கும் மற்றவரைவிட நல்ல பைசல் கிடைக்கக் கூடாது என்பது சாரம். இன்னொரு பக்கம், திரும்பக் கட்டவே முடியாத கடன் இருக்கும் நாட்டுக்கு ஐ.எம்.எஃப். பணம் தராது, கடனைக் குறைக்க ஒத்துழைப்போம் என்று பெரிய கடன்காரர்கள் முதலில் உறுதி தரணும். ஆக ஐ.எம்.எஃப். கடன்காரர்களுக்காகக் காத்திருக்க, கடன்காரர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். நம்ம தொழிலில் இதற்குப் பெயர் டெட்லாக்.

அதை முதலில் உடைத்தது இந்தியா. 2023 ஜனவரியில் ஐ.எம்.எஃப்.க்கு உறுதிக் கடிதம் போனது. பிப்ரவரியில் பாரிஸ் கிளப் நாடுகள். சீனாவின் எக்ஸிம் வங்கி ஜனவரியில் ரெண்டு வருஷத் தவணை நிறுத்தம் மட்டும் தருவதாகச் சொன்னது; அது போதவில்லை. மார்ச் முதல் வாரத்தில் இன்னொரு கடிதம் வந்த பிறகுதான் பூட்டு திறந்தது. அடுத்த மாசம் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து பொதுப் பேச்சுவார்த்தை மேடை அமைத்தன. சீனா அதில் சேரவில்லை. பார்வையாளராக வந்து உட்கார்ந்தது, பேரத்தைத் தனியாக நடத்தியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூறு வருஷத்துக்கு முன் மேசையின் மறுபக்கத்தில் இருந்தது சீனா. 1909 ஜூனில் ஹூகுவாங் ரயில்பாதைகளுக்காக பிரிட்டிஷ், ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகளோடு சீன அரசு கடன் ஒப்பந்தத்தை ஏறக்குறைய முடித்துவிட்டது. எங்களுக்கும் பங்கு வேணும் என்று அமெரிக்கா நடுவில் புகுந்தது. ஜனாதிபதி டாஃப்ட் சீன ராஜப் பிரதிநிதிக்கு நேரடியாகவே தந்தி அடித்தார். நாலு நாடுகளும் பங்கு பிரிக்கிற சண்டையை முடித்து, 60 லட்சம் பவுண்ட் கடனில் கையெழுத்தானது 1911 மே 20. பேச்சைத் தொடங்கிய சாங் சிடோங் 1909லேயே இறந்துவிட்டார். கடனுக்காக ரயில்பாதைகளை அரசு எடுத்துக்கொள்ள, சிச்சுவானில் கலவரம், அக்டோபரில் புரட்சி, அடுத்த பிப்ரவரியில் முடியாட்சியே போய்விட்டது. கடன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பங்கு உண்டு.

அன்று கடன் கொடுப்பதற்குப் போட்டி, இலங்கையில் நஷ்டத்தைப் பிரிப்பதில் போட்டி. ரெண்டிலும் பயம் ஒன்றுதான்: பக்கத்து ஆள் முந்திவிடுவானோ.

செலவு யார் தலையில் விழுந்தது என்றும் பார்க்கணும். 1913இல் ஐந்து நாட்டு வங்கிகள் சீனக் குடியரசுக்கு இரண்டரைக் கோடி பவுண்ட் கடன் கொடுத்தன. கழிவெல்லாம் போய்க் கைக்கு வந்தது சுமார் 2.1 கோடிதான். அடமானம் உப்பு வரி. அதைச் சீர்படுத்தப் போனவர் ரிச்சர்ட் டேன், இந்தியாவில் உப்பு வரித் துறையை நடத்திப் பழகிய ஆங்கிலேய அதிகாரி! இலங்கையில் உப்புக்குப் பதில் கரண்ட் பில். 2023 பிப்ரவரியில், ஐ.எம்.எஃப். நிபந்தனையை நிறைவேற்ற, கட்டணம் 66 சதவீதம் ஏறியது.

2024 ஜூன் 26 அன்று ஒரே நாளில் ரெண்டு ஒப்பந்தமும் முடிந்தன: பாரிஸில் இந்தியா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளோடு 580 கோடி டாலருக்கு, பெய்ஜிங்கில் எக்ஸிம் வங்கியோடு 420 கோடிக்கு. இந்த ரெண்டையும் கூட்டினாலும் தனியார் முதலீட்டாளர்கள் வைத்திருந்த சர்வதேசக் கடன் பத்திரங்களுக்கு ஈடாகாது. அவை மட்டும் 1,255 கோடி. ‘சீனக் கடன் பொறி’ என்று முழங்குபவர்கள் இந்த எண்ணை ஏன் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பத்திரங்களுக்கான பேரம் 2024 டிசம்பர் வரை இழுத்தது. அதற்கு வெகு முன்பே, 2022 ஜூனில், ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற ஒரு பத்திரதாரர் முழுப் பணமும் வேணும் என்று நியூயார்க்கில் தனியாக வழக்குப் போட்டுவிட்டது.