முதல் கம்ப்யூட்டருக்கு டாட்டா!

உங்கள் வீட்டிலோ, பள்ளியிலோ ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறதா? சுவிட்சைப் போட்டால் ஓடும். ஆனால், புது சாப்ட்வேரைப் போட்டால், 'இதில் நான் வேலை செய்ய மாட்டேன்' என்று முரண்டு பிடிக்கும். 'இத்தனை வயதான கம்ப்யூட்டருக்கு இனி புது சாப்ட்வேர் கிடையாது' என்பதை யார் முடிவு செய்கின்றனர்? எப்படி? ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

1991, ஜனவரி மாதம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தவணை முறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குள் இருந்தது, இன்டெல் நிறுவனம் 1985ல் வெளியிட்ட '386' என்ற சிப். நினைவகம் வெறும் 4 எம்.பி., தான்! இன்று ஒரு போட்டோவுக்கே அது போதாது.

அந்த கம்ப்யூட்டரில் தான் லினஸ், 'லினக்ஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதத் துவங்கினார். இது பொழுதுபோக்கு தான், பெரிதாக வளராது, 386ஐத் தவிர வேறு எதிலும் ஓடவும் செய்யாது என்று, அந்த ஆண்டு ஆகஸ்டில் அவரே அறிவித்தார். ஆனால், நடந்ததோ வேறு. உலகமே லினக்சைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் தான்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? 2012 டிசம்பரில், லினக்ஸ் எழுதும் குழுவைச் சேர்ந்த இங்கோ மோல்நார், '386 சிப்புக்கான வரிகளை எல்லாம் நீக்கி விடலாம்' என்று ஒரு மாற்றத்தை அனுப்பினார். 'உங்கள் 1991ம் ஆண்டு கம்ப்யூட்டரில் இனி புது லினக்ஸ் ஓடாதே' என்று லினசிடம் வருத்தப்படவும் செய்தார். லினசோ, இதற்கெல்லாம் தான் உருகுகிற ஆள் இல்லை என்று கூறி, சட்டென ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில், 386க்கு இடமில்லை.

பாவம், அந்த சிப் என்ன தப்பு செய்தது?

ஒரு பஸ் டிக்கெட் கவுன்டரை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பேர், ஒரே ரிஜிஸ்டர். முதலாமவர், 12ம் நம்பர் சீட் காலி என்று பார்க்கிறார். பேனாவை எடுப்பதற்குள், இரண்டாமவரும் அதே சீட்டைப் பார்க்கிறார். இருவரும் விற்று விட்டால்? பஸ்சில் அடிதடி தான்! காலியா என்று பார்ப்பதும், பெயரை எழுதுவதும், நடுவில் யாரும் புக முடியாதபடி ஒரே செயலாக நடந்தால் இந்த வம்பு வராது.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே தொல்லை உண்டு. 1989ல் வந்த 486 சிப்பில், பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில் செய்யும் கட்டளை இருந்தது. 386ல் கிடையாது. அதற்காக மட்டும், 'கதவைச் சாத்து, பார், எழுது, கதவைத் திற' என்று சுற்றி வளைத்து வேறு வரிகள் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் எதை மாற்றினாலும் இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். அது சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க 386 கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? இன்டெல்லே, 2007ல் அந்த சிப் தயாரிப்பை நிறுத்தி விட்டது.

அதற்காக, 386 வைத்திருந்தவர் நடுத்தெருவில் நிற்கவில்லை. பழைய லினக்ஸ் பதிப்புகள் அப்படியே கிடைத்தன. அவற்றில் ஒன்றான 3.2க்கு, 2018 வரை பிழை திருத்தமும் வந்தது. வெளிவந்து 27 ஆண்டுகளுக்குப் பின் ஓய்வு, அதன் பிறகும் கஞ்சி... இது நியாயமாகத் தான் படுகிறது.

ஆனால், விண்டோஸ் 10 விஷயம் அப்படியல்ல. 2025 அக்டோபர் 14ல், அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11, பாதுகாப்புக்காகச் சில புதிய வசதிகளைக் கேட்கிறது. அதனால், 2016ல் வாங்கிய பல கம்ப்யூட்டர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் தகுதி இழந்தன. கூடுதலாக ஓராண்டு திருத்தம் பெற வழி வைத்திருந்தனர் என்றாலும், 9 வயதில் ஓய்வா? பாதுகாப்பு முக்கியம் தான். ஆனால், புது கம்ப்யூட்டருக்கு காசு கொடுப்பது யார்? அப்பா தானே!

சரி, 386க்கு அடுத்து வந்த 486? 2022ல் லினஸ், 'அவை எல்லாம் மியூசியப் பொருட்கள். அவற்றுக்கு மியூசிய லினக்சே போதும்' என்ற பொருளில் எழுதினார். 2025 ஏப்ரலில், 486க்கான வரிகளை நீக்கும் மாற்றம் வந்து சேர்ந்தது. 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள்! அனுப்பியவர் யார் என்கிறீர்கள்?

அதே மோல்நார் தான்!