சலூனை மூடிய சங்கம்

மதுவிலக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அமெரிக்காவிலேயே அது பலிக்கவில்லையே!" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. பலிக்கவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால், அது அங்கே எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், பலிக்காமற் போனதைவிட வந்ததே பெரிய அதிசயமாகத் தோன்றும். அத்தேசத்தின் இரு பெருங் கட்சிகளாகிய ரிபப்ளிகன் கட்சியோ டெமாக்ரடிக் கட்சியோ தேசிய மதுவிலக்கைத் தன் தேர்தல் கொள்கையாக அதுவரை ஏற்றதில்லை. ஜனங்களில் பெரும்பாலோர் குடியை வெறுத்தார்கள் என்று சொல்லவும் இடமில்லை. இருந்தும், 1920-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி முதல், பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தேசத்தில் மது காய்ச்சுவதும் விற்பதும் அரசியல் சட்டத்திற்கே விரோதமாகிவிட்டன.

இதைச் சாதித்தது எந்தக் கட்சி என்று கேட்டால், கட்சியே அல்ல என்பதுதான் பதில்.

மதுவிலக்குக்கென்று ஒரு கட்சி இல்லாமலும் இல்லை. 1869-லேயே சிகாகோ நகரில் அது பிறந்தது. 1872 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் தன் அபேட்சகரை நிறுத்தி வந்தது. அது அடைந்த உச்ச நிலை 1892-இல். அப்போது சுமார் 2,70,000 வோட்டுகள் கிடைத்தன. நூற்றுக்கு இரண்டு சொச்சம்! இந்த வேகத்தில் போனால் அமெரிக்கா திருந்துவதற்குள் உலகமே முடிந்திருக்கும்.

ஆயினும் 1884-ஆம் வருஷத் தேர்தலில் ஒரு வேடிக்கை நடந்தது. நியூயார்க் ராஜ்யத்தில் ரிபப்ளிகன் அபேட்சகர் பிளெய்ன் ஆயிரத்துச் சொச்சம் வோட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதே ராஜ்யத்தில் மதுவிலக்குக் கட்சியார் சுமார் 25,000 வோட்டுகளைப் பிரித்துக்கொண்டு போயிருந்தனர். நியூயார்க் கை நழுவியதால் பிளெய்னுக்கு ஜனாதிபதிப் பதவியும் கை நழுவிற்று. ஜெயிக்க முடியாத கட்சி பிறரைத் தோற்கடிக்க மட்டும் முடியும் என்பது தற்செயலாக விளங்கியது. தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டு நடத்தினால் என்ன?

அந்த யோசனையைச் செயலாக்கியது, 1893-இல் ஓஹையோ ராஜ்யத்து ஓபர்லின் நகரில் தோன்றிய சலூன் எதிர்ப்புச் சங்கம். சலூன் என்றதும் நேயர்கள் நம்மூர் க்ஷவரக் கடையை நினைத்துவிடக் கூடாது. அங்கே அது மதுக்கடை. பெரும்பாலான சலூன்கள் ஏதாவதொரு பீர் ஆலையின் கடனில் கட்டுண்டு கிடந்தன. தொழிலாளியின் வாரக் கூலி வீடு போய்ச் சேருமுன் அங்கேயே கரைவதும், ஊர் அரசியல் பேரங்கள் அங்கேயே முடிவதும் சகஜம். குடும்ப ஸ்திரீகளுக்குச் சலூன் என்றாலே நெஞ்சு பதறியது வீண் பதற்றமல்ல.

இந்தச் சங்கத்தின் மூளை என்று வேய்ன் வீலரைச் சொல்லலாம். ஓபர்லினில் படித்துக்கொண்டிருந்தபோதே சங்கத்தில் சேர்ந்தவர். பிறகு வக்கீலானார். அவர் வகுத்த வழி மிகவும் எளியது. எந்தக் கட்சியிலும் சேரவேண்டாம். தேர்தலில் நிற்கவும் வேண்டாம். இரு அபேட்சகர்களையும் பார்த்து, "மதுவிலக்குச் சட்டம் வந்தால் வோட்டுப் போடுவீரா, மாட்டீரா?" என்று ஒரே கேள்வி கேட்க வேண்டும். ஆம் என்றவருக்கு மாதா கோயில்கள் மூலம் திரட்டிய வோட்டுகளெல்லாம் போய்ச் சேரும். இல்லை என்றவருக்கு அவ்வளவும் எதிராக விழும். இரு கட்சிகளும் ஏறக்குறையச் சம பலத்துடன் நிற்கும் தொகுதியில் நூற்றுக்கு ஐந்து பேர் இப்படி ஒரே முகமாக அசைந்தால் தராசு சாய்ந்துவிடாதா? அந்த அபேட்சகர் வீட்டில் குடிக்கிறாரா என்று வீலர் கேட்டதே இல்லை. பின்னாளில் ஜனாதிபதியான ஹார்டிங், செனட்டராக இருந்தபோது மதுவிலக்குத் திருத்தத்தை ஆதரித்து வோட்டளித்தார். வெள்ளை மாளிகையில் நண்பர்களுக்கு விஸ்கியும் வழங்கினார். சங்கத்துக்கு வேண்டியது வோட்டு. வாயை முகர்ந்து பார்ப்பது அதன் வேலையல்ல.

1905-இல் ஓஹையோ கவர்னர் ஹெரிக் இதன் ருசியைக் கண்டார். அவர் ரிபப்ளிகன், அந்த ராஜ்யமும் ரிபப்ளிகன் கட்சியின் கோட்டை. சங்கத்தார் விரும்பிய மசோதா ஒன்றின் பல்லை அவர் பிடுங்கிவிட்டார். தேர்தலில் அவருடைய கட்சியின் மற்ற அபேட்சகர்கள் ஜெயித்தார்கள். ஹெரிக் மட்டும் தோற்றார். அன்று முதல் ராஜ்யச் சட்டசபைகளில் வீலர் பெயரைக் கேட்டால் பலருக்கு வயிற்றைக் கலக்கலாயிற்று.

இந்த உபாயம் இங்கிலாந்தில் இவ்வளவு சுலபமாகப் பலிக்காது. அங்கே பார்லிமெண்டு அங்கத்தினர் பெரும்பாலும் கட்சிக் கொறடாவின் சொற்படி வோட்டளிப்பவர். அமெரிக்கக் காங்கிரஸ் (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியல்ல, பார்லிமெண்டின் பெயர்) அத்தகையதல்ல. பிரதிநிதி சபையார் இரண்டு வருஷத்துக்கொருமுறை ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு நிற்கவேண்டும். கட்சித் தலைவரைவிடத் தம் தொகுதிக்கே அவர்கள் அதிகம் பயந்தார்கள். பயமுள்ள இடத்தில் சங்கம் புகுந்துகொண்டது.

காலமும் அதற்கு அனுகூலமாயிற்று. முன்பு மத்திய சர்க்காரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் மதுவரியே அளித்து வந்தது. 1913-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் வருமான வரி வந்ததும் அந்த ஊன்றுகோல் அவசியமில்லாமற் போயிற்று. 1917-இல் அமெரிக்கா ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கியது. பீர் ஆலை முதலாளிகளோ பலரும் ஜெர்மானிய வம்சத்தவர். பீர் குடிப்பது தேசத் துரோகம் என்று சொல்லாமற் சொல்லிவிட்டார்கள். அந்த டிசம்பரில் பிரதிநிதி சபை 282-க்கு 128 வோட்டுகளால் பதினெட்டாவது திருத்தத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவர்களில் இரு கட்சியாரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையினர்! பதின்மூன்று மாதங்களில் 36 ராஜ்யங்கள் சம்மதித்துவிட்டன.

இதுவரை சங்கத்தின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் பிரதிநிதியைப் பயமுறுத்தி வோட்டு வாங்கலாம். குடிப்பவனைப் பயமுறுத்தி மனத்தை வாங்க முடியுமா? கள்ளச் சாராயமும், அதை விற்ற கொள்ளைக் கூட்டங்களும், லஞ்சம் வாங்கிய போலீஸாரும் பெருகியது எல்லாரும் அறிந்த கதை. வீலர் 1927-இல் காலமானார். அவருக்குப் பிறகு அந்தச் சாமர்த்தியத்துக்கு வாரிசு சங்கத்திற்குள் இல்லை, எதிரிகளிடம் இருந்தது.

டூபாண்ட் குடும்பத்துக் கோடீசுவரர்கள் பணம் கொடுத்து மதுவிலக்கு எதிர்ப்பு ஸ்தாபனத்தை வளர்த்தார்கள். மதுவரி திரும்பி வந்தால் தங்கள் வருமான வரி குறையும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. பணத்தைவிடப் பெரிய பலம் போலின் சேபின் என்ற சீமாட்டி. ரிபப்ளிகன் தேசியக் கமிட்டியில் இருந்த அவர், மதுவிலக்கு மாதர் சங்கத் தலைவி அமெரிக்கப் பெண்கள் அனைவரின் சார்பிலும் பேசுவதாகச் சொல்லக் கேட்டு, என் சார்பில் அல்லவே என்று எண்ணினாராம். 1929-இல் கமிட்டியை விட்டு விலகி, மதுவிலக்கை ரத்துசெய்ய மாதர் ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று சொல்லி மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள் அல்லவா? அதே பிள்ளைகளைச் சட்டத்தை மதியாத சூழ்நிலையிலிருந்து காக்க வேண்டும் என்று சொல்லி அதைப் போக்கக் கிளம்பினார் சேபின். அவரும் கட்சி பார்க்கவில்லை. அபேட்சகரின் வாக்குறுதியைத்தான் பார்த்தார்.

1930-இல்கூட, திருத்தத்தின் பிதாக்களில் ஒருவரான டெக்ஸாஸ் செனட்டர் மாரிஸ் ஷெப்பர்டு, வாஷிங்டன் ஞாபகார்த்த ஸ்தம்பத்தை வாலில் கட்டிக்கொண்டு ஒரு தேன்சிட்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் பறக்குமானால்தான் இச்சட்டம் ரத்தாகும் என்று முழங்கினார். 1932-இல் டெமாக்ரடிக் கட்சி ரத்துக் கொள்கையை ஏற்றது, ரூஸ்வெல்ட் ஜெயித்தார். 1933 டிசம்பர் 5-ஆம் தேதி யூட்டா ராஜ்யம் முப்பத்தாறாவதாகச் சம்மதம் தெரிவிக்க, தேன்சிட்டு பறந்தே விட்டது. இம்முறை ராஜ்யச் சட்டசபைகளை நம்பாமல், ஜனங்கள் இதற்கென்றே தேர்ந்தெடுத்த மகாசபைகளிடம் சம்மதம் கேட்டார்கள். சட்டசபை அங்கத்தினரை மடக்கும் வித்தை சங்கத்துக்குத் தெரியும் என்பதை யாரும் மறக்கவில்லை.

அதன் பிறகு சங்கம் மங்கி மறைந்தது. நூற்றுக்கு இரண்டு வோட்டு வாங்கிய அந்தப் பழைய மதுவிலக்குக் கட்சி மட்டும் அப்படியே இருந்து, 2024-ஆம் வருஷ ஜனாதிபதித் தேர்தலிலும் ஓர் அபேட்சகரை நிறுத்தியது.