பலாலிதான் கிட்ட

பாரிசில் ஒரு தெரு – 9

பயண முகவர் கடையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். மடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்.

“எத்தனை மணித்தியாலம் தம்பி?”

“நேர் விமானம் அன்ரி, பத்தரை.”

“அது கொழும்புக்கு. நான் அளவெட்டிக்கெல்லே கேக்கிறன்.”

அந்தக் கடை இருக்கும் பெர்தொனே தெருவில் இந்தக் கேள்வி புதிதல்ல. ரிக்கற்றில் மாலை 3 மணிக்கு ஏறி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாக இருந்தால், குளிர்காலத்து நேர வித்தியாசம் நாலரை மணியைக் கழித்தால் பத்தரை வரும். திரும்பும்போது மேல்வானக் காற்று எதிர்த்து வீசும். இன்னும் அரைமணி, முக்கால் மணி கூடும். இதை அங்கே எல்லாரும் விரல்மடித்தே சொல்லிவிடுவார்கள். யாழ்ப்பாணத்து அளவெட்டிக்குத்தான் விடை கஷ்டம்.

அன்றிரவு நானே தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பாரிசிலிருந்து கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா, வான்வழி நேர்கோட்டில், ஏறக்குறைய 8,500 கி.மீ. யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி ஏறக்குறைய 8,300. யாழ்ப்பாணம்தான் 200 கி.மீ. கிட்ட! அளவெட்டியோ பலாலி ஓடுபாதையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். ஆனாலும் அந்த அம்மா கட்டுநாயக்காவில் இறங்கி, வான் வண்டியில் ஏறி, வவுனியாவும் ஆனையிறவும் தாண்டி, ஏழெட்டு மணிநேரம் உட்கார்ந்தே போகவேண்டும்.

அந்த வழியாவது இப்போது திறந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி போரால் மூடப்பட்டபோது, பாரிசிலிருந்து கொழும்புவரை வந்த பிள்ளைகளுக்குத் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. உள்நாட்டு விமானமும் பயமில்லாமல் ஏறக்கூடியதாக இருந்ததில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்து 350 கி.மீ.தான், ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் இறங்கிவிடலாம். ஆனால் ஓடுபாதை குட்டை. எழுபது எண்பது பேர் ஏறும், விசிறி சுழலும் விமானம்தான் வரும். பெரிய விமானம் இறங்க அந்தப் பாதை நீளவேண்டும். நீட்டத்தான் வேண்டும், முதுமையில் ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு எட்டு மணிநேர வீதிப் பயணம் சின்ன விஷயமில்லை.

அன்று கடையில் இந்தச் சென்னை வழியையும் முகவர்த் தம்பி சொல்லிப் பார்த்தான். அந்த அம்மா காலடியில் இருந்த இரண்டாவது பையைத் தொட்டுப் பார்த்தார். தமையனுக்கு வாங்கிய குளிர்ச்சட்டை, பேரப்பிள்ளைகளுக்குச் சப்பாத்து.

“சின்ன பிளேனில இவ்வளவும் ஏத்த விடுவினமோ?”

“கஷ்டம் அன்ரி.”

“அப்ப கொழும்பாலயே போடு. வான்காரனிட்டயும் சொல்லிவை, முன் சீற் வேணுமெண்டு. எனக்குக் கால் மடக்க ஏலாது.”

(தொடரும்)